மலைக்குப் போகும் பிள்ளைகளின் உடுப்பு



காற்று தொடங்கிவிட்டது. மலையில் மானாப்புல் காய்ந்து வெளுத்துப்போய்க் கிடக்கிறது. இன்னும் இரண்டு கிழமை மழை இல்லாமல் போனால் வழமைபோல ஒரு பின்னேரம் எங்கேயாவது புகை எழும்பும். பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தல் வரும். எங்கள் பிள்ளைகள் ஓடுவார்கள். அதற்கு முன்னர், பாடசாலை ஆசிரியர்களாகிய நாங்கள் உங்களிடம் ஒரு விசயம் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

மூன்று வருடங்களுக்கு முன் பைனஸ் தோட்டத்துக்குக் கீழே தீப்பிடித்த நாள் பலருக்கு நினைவிருக்கும். அன்று பிள்ளைகளை வரிசைப்படுத்தி அனுப்பியது நாங்கள்தான். புகைக்குள் யார் யார் என்று தெரிய வேண்டும், எண்ணிப் பார்க்க வசதியாக இருக்க வேண்டும் என்று நினைத்து, பழைய மாணவர்களின் உதைபந்தாட்ட ஜேர்சியைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னோம். எல்லோரும் ஒரே நிறத்தில் நின்றபோது எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. படமும் எடுத்தோம்.

அந்த ஜேர்சி பொலியெஸ்டர். அது எங்களுக்குத் தெரியும். தீயின் முன்னால் பொலியெஸ்டர் என்ன செய்யும் என்பதைத்தான் நாங்கள் யோசிக்கவில்லை.

அஸருக்குப் பிறகு காற்று திரும்பியது. பச்சைக் கொப்பால் தீயை அடித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளின் மேல் ஒரு வீச்சு சுவாலை வந்து போனது. சில விநாடிகள்தான். ஒருவன் ஜேர்சி போட்டிருந்தான். மற்றவன் பிந்தி வந்தவன், வாப்பாவின் பழைய காக்கிச் சேர்ட்டோடு வந்திருந்தான். காக்கிச் சேர்ட் அங்கங்கே கருகி ஓட்டை விழுந்தது. உள்ளே தோல் சிவந்ததோடு சரி. ஜேர்சி உருகி முதுகில் ஒட்டிவிட்டது. “சேர், கழட்டுங்க, கழட்டுங்க” என்று அவன் கத்தியபோது எங்களில் ஒருவர் பதறிப்போய் இழுத்தார். துணியோடு தோலும் வந்தது. அவன் வைத்தியசாலையில் கிடந்த நாட்களில் எங்களில் யாருக்கும் வகுப்பறையில் நிம்மதியாக நிற்க முடியவில்லை.

இன்று அவன் நலமாக இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். இந்தப் பதிவை எழுதச் சொன்னதும் அவன்தான். “என்ட பேரப் போட வேணாம் சேர், ஆனா விசயத்தச் சொல்லுங்க” என்றான்.

அதன் பிறகுதான் நாங்கள் தேடிப் படித்தோம். பிள்ளைகளுக்குப் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுக்கும் விஞ்ஞானம்தான், எங்கள் உடுப்புக்கு அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. பொலியெஸ்டர் ஏறத்தாழ 250, 260 பாகை செல்சியஸில் உருகும். நைலோனும் உருகும். கொரோனாக் காலத்து முகக்கவசங்கள் இருக்கின்றனவே, அந்தப் பொலிபுரொப்பிலீன் 160 பாகை அளவிலேயே உருகிவிடும். பருத்தி அப்படியில்லை. அதுவும் எரியும், ஆனால் உருகித் தோலில் ஒட்டாது. காட்டுத்தீ அணைப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் நோமெக்ஸ் போன்ற அரமிட் துணியில் தைத்த உடுப்புப் போடுகிறார்கள். அது உருகாது. சுவாலை விலகியதும் தானாக அணைந்துவிடும்.

இன்னொன்றும் கற்றோம். நகரத்துத் தீயணைப்புப் படையினரின் கனத்த கோட் மலைக்குச் சரிவராது. அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஏறினால், தீ சுடுவதற்கு முன்னமே உடம்புச் சூட்டில் மயங்கி விழுவார்கள். காட்டுத்தீக்கான உடுப்பு மெல்லியது, தளர்வானது. உடம்புக்கும் துணிக்கும் நடுவில் இருக்கும் காற்றுதான் பாதி பாதுகாப்பு. ஆகவே பிள்ளைகள் உடம்போடு ஒட்டிய காற்சட்டை போட்டுக்கொண்டு மலைக்குப் போக வேண்டாம். ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு தீக்குக் கிட்டப் போவதும் வேண்டாம். சூட்டில் அந்த ஈரம் ஆவியாகித் தோலை அவித்துவிடும். முகத்தில் கட்டும் ஈர லேஞ்சி புகையிலுள்ள காபனோரொக்சைட்டை மறிக்காது. முகக்கவசமும் மறிக்காது. புகைக்கு ஒரே மருந்து, புகைக்குள் நிற்காமல் விலகுவதுதான்.

அந்த வருடமே ஊரில் காசு சேர்த்தோம். தனவந்தர்களும் தந்தார்கள், நாட்கூலிக்குப் போகும் சகோதரர்களும் தந்தார்கள். நோமெக்ஸ் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. தடித்த பருத்தி ஓவரோல், தோல் கையுறை, கணுக்காலுக்கு மேலே வரும் தோல் சப்பாத்து, கண்ணாடி, ஹெல்மட் என்று 12 செட் வாங்கிப் பாடசாலை அலுமாரியில் வைத்தோம்.

போன மாதம் அந்த அலுமாரியைத் திறந்தோம். 9 செட்தான் இருந்தது.

யாருடைய பெயரையும் சொல்லவில்லை, கோபமும் இல்லை. ஆனால் பார்த்ததைச் சொல்கிறோம். ஓர் ஓவரோலில் பெற்றோல் மணம். அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் திருத்தியிருக்கிறார்கள். இன்னொன்றில் கை இரண்டும் வெட்டப்பட்டிருந்தது. ஒரு சோடிச் சப்பாத்தை அடுப்புக்கு மேல் காயவைத்ததில் தோல் சுருங்கி வெடித்துவிட்டது. ஒரு ஹெல்மட் போஞ்சி பிடுங்கப் போய் வெயிலில் கிடந்து நரைத்திருந்தது. கழுவாமல் மடித்து வைத்த உடுப்புகளில் கரியும் வியர்வையும் அப்படியே இருந்தன.

இது பொருள் வீணான கதை மட்டும் இல்லை. பெற்றோல் ஊறிய ஓவரோலைப் போடுகிறவன் பாதுகாப்பாக இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டு தீக்குக் கிட்டப் போவான். சாரத்தோடு போகிறவனாவது பயந்து தூர நிற்பான். பழுதான கவசம் இல்லாத கவசத்தைவிட ஆபத்தானது.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

எடுத்துப்போன 3 செட்டையும் தயவுசெய்து கொண்டுவந்து தாருங்கள். எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை, ஒரு கேள்வியும் கேட்கமாட்டோம்.

பாவித்த உடுப்பை வீட்டு உடுப்போடு, முக்கியமாகப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துக் கழுவ வேண்டாம். தீயணைப்புத் தொழிலே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2022இல் வகைப்படுத்தியிருக்கிறது. அந்தக் கரி சும்மா அழுக்கு இல்லை. சாதாரண சவர்க்காரத் தூள் போதும். பிளீச்சும் வேண்டாம், வாசத்துக்குப் போடும் திரவமும் வேண்டாம். நிழலில் காயவையுங்கள். கிழிந்தால் பருத்தி நூலால் தையுங்கள், பொலியெஸ்டர் நூல் வேண்டாம். எண்ணெய் பட்டுப் போகாவிட்டால் அதை எங்களிடம் சொல்லுங்கள், ஒதுக்கிவிடுவோம்.

சப்பாத்தை மண் தட்டி, நிழலில் காயவைத்து, பொலிஷ் பூசி வையுங்கள். அடுப்படி வேண்டாம்.

செட் கிடைக்காதவர்கள் பருத்தியில் நீளக் கை சேர்ட்டும் நீளக் காற்சட்டையும் போடுங்கள். உள்ளே போடுவதும் பருத்தியாக இருக்கட்டும். கையை மடிக்க வேண்டாம். காற்சட்டை சப்பாத்துக்கு வெளியே விழட்டும், உள்ளே செருகினால் தணல் சப்பாத்துக்குள் போய்விடும். இறப்பர் செருப்போடு வருபவரை இனி நாங்கள் திருப்பி அனுப்புவோம். அது எங்கள் சொந்தத் தம்பியாக இருந்தாலும் சரி.

தண்ணீரும் தேநீரும் கொண்டுவரும் தாய்மார், சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. நம் அபாயாக்களில் பெரும்பாலானவை பொலியெஸ்டர்தான். பாதையிலேயே நில்லுங்கள். நாங்கள் வந்து வாங்கிக்கொள்கிறோம்.

யாருக்காவது எரிகாயம் பட்டால், ஒட்டிய துணியை இழுக்க வேண்டாம். 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். 1990க்கு அழையுங்கள். தீயைக் கண்டவுடன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். எங்கள் வட்ஸ்அப் குழுமத்தில் படம் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. 2013 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் யார்னெல் ஹில் என்ற இடத்தில் 19 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள். முழு உடுப்போடு இருந்தார்கள். கடைசி நேரத்தில் விரித்து உள்ளே படுக்கும் அலுமினியக் கூடாரத்தையும் விரித்திருந்தார்கள். தீ அவர்கள் நின்ற இடத்தைச் சூழ்ந்துகொண்டது, கவசம் போதவில்லை. அவர்களுக்கே அப்படியென்றால், பருத்தி ஓவரோல் போட்ட எங்கள் பிள்ளைகள் எம்மாத்திரம்? உடுப்பு தவறி வரும் தணலுக்கும் ஒரு வீச்சுச் சூட்டுக்கும்தான். தீக்குள் போவதற்கு இல்லை. எங்கள் வேலை ஓரத்தில் நின்று புல்லைச் சுரண்டித் தீயின் வழியை மறிப்பது. காற்று திரும்பினால் மலையை விட்டுவிட்டு இறங்கி வருவது. புல் அடுத்த மழையில் முளைக்கும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாங்கள். அன்று நாங்களே கட்டாமல் அனுப்பினோம். இந்த முறை அப்படி நடக்காமல் இருக்க உங்கள் உதவி வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை 9 மணிக்குப் பாடசாலை முற்றத்தில் 9 செட்டையும் விரித்துப் பார்த்துக் கழுவித் தைக்கப்போகிறோம். தையல் தெரிந்தவர்கள் ஊசியோடு வாருங்கள். நூல் நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம், பருத்தி நூல்தான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளையும் நம் மலையையும் பாதுகாப்பானாக. ஆமீன்.