கோழித் தீவனம் முதல் கடல்பாசி வரை... நாமக்கல்லுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது பவளப்பாறை!

ராமநாதபுரத்தைத் தாண்டி மண்டபத்தை நெருங்கும்போது, சுற்றுலா வேன்களில் ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக ஏறிவிடும். காயும் மீனின் வாடை அப்படி. ஆனால், நாமக்கல் வேனில் வருபவர்களுக்கு அந்த வாடை ஒன்றும் புதிதல்ல. இழுவைமடியில் நல்ல மீனோடு சேர்ந்து சிக்கும் பொடி மீன், குஞ்சு, நண்டு எல்லாவற்றுக்கும் இங்கே ‘சங்காயம்’ என்று பெயர். காயவைத்து மூட்டை கட்டினால் கோழித் தீவனம். நாமக்கல் முட்டைக்குள் கொஞ்சம் மன்னார் வளைகுடாவும் இருக்கிறது என்று சொன்னால் தப்பில்லை!

சேலத்திலிருந்து நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக மண்டபம் வர சுமார் 400 கிலோமீட்டர். ராமேஸ்வரம் கோயிலுக்கும் தனுஷ்கோடிக்கும் வருகிறவர்களில் பலர், பக்கத்திலேயே தண்ணீருக்கடியில் ஒரு தேசியப் பூங்கா இருப்பதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். இங்கே 100-க்கும் மேற்பட்ட பவள இனங்கள் உண்டு.

அந்தமானைப் போல சிலிண்டர் மாட்டிக்கொண்டு நினைத்த இடத்தில் குதிக்கலாம் என்று வந்தால் ஏமாற்றம்தான். பூங்கா எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்கக் கூடாது. பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுப் பக்கம் போகும் வனத்துறைப் படகில் ஏறினால், அடிப்பகுதிக் கண்ணாடி வழியே பவளத்தைப் பார்க்கலாம். முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி ஸ்நோர்கெலிங் செய்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு, பாக் நீரிணைப் பக்கம் உச்சிப்புளி அருகே பிரப்பன்வலசை இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் இந்த அமைதியான பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள். சீறுகிற தெற்குப் பக்கம் ஆண்கடல்.

கிணற்றிலும் மோகனூர், பரமத்திவேலூர் காவிரியிலும் நீச்சல் பழகியவர்களுக்குக் கடலில் மிதப்பது சுலபம். உப்புத்தண்ணீரே தூக்கிவிடும். சிக்கல் காலில்தான். களைத்தால் கிணற்றுப் படியில் கால் ஊன்றிப் பழகியவர்கள், இங்கேயும் கல் என்று நினைத்து மிதித்துவிடுவார்கள். அது கல் அல்ல, ஆயிரக்கணக்கான குட்டி உயிர்கள் ஒட்டிக்கொண்டு கட்டிய வீடு. உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்.

குடும்பத்தோடு வர பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது மே மாத லீவு. பார்க்க மோசமான நேரமும் அதுவே. தென்மேற்குக் காற்று எழுந்து ஆண்கடல் பக்கம் கலங்கிவிடும். போதாக்குறைக்கு அப்போதுதான் பவளத்துக்கும் காய்ச்சல். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிக் கொதித்தால், தனக்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிடும். பிறகு வெறும் வெள்ளை எலும்பு. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லையென்றால் இறந்துவிடும். 2016 கோடையில் இங்கே உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது என்கிறது தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு. பொங்கல் முடிந்து, பிப்ரவரி, மார்ச்சில் ஒரு சனி, ஞாயிறு வந்தால் கடல் தெளிவாக இருக்கும்.

வெயிலுக்கு முன்பு மனிதக் கை. சங்ககிரியில் சுண்ணாம்புக்கல்லை மண்ணிலிருந்து வெட்டுவதுபோல, இங்கே கடலிலிருந்து பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஏற்றினார்கள். தனுஷ்கோடியில் எல்லோரும் செல்ஃபி எடுக்கும் அந்தச் சிதைந்த தேவாலயத்தின் சுவரை உற்றுப் பாருங்கள், பவளக்கல்! வெட்டுவது 2004 சுனாமிக்குப் பிறகுதான் ஓய்ந்தது. அரணாக நின்ற பாறை போனதால், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன.

சரி, இந்தக் கடலில் உண்மையிலேயே முக்குளிப்பவர்கள் யார்? சின்னப்பாலம், பாம்பன் பக்கத்துப் பெண்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சை அடக்கிக் கீழே போய் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறார்கள். சிலிண்டர் இல்லை, கைடு இல்லை. அந்தப் பாசி மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் அகர் அகர் ஆகிறது. வீட்டில் பால் ஊற்றிக் காய்ச்சி, தட்டில் ஆறவைத்து, துண்டு போடும் கடல்பாசி இனிப்பின் தொடக்கம் இவர்கள் கையில்தான்.

பூங்கா வந்தபின் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பது குற்றமானது. அம்மா, பாட்டி காலத்திலிருந்து மூழ்கிய அதே இடத்தில் படகும் பாசியும் பறிபோகும் பயம். காப்பாற்றப்பட வேண்டிய கடல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், டிக்கெட் எடுத்தவர் கண்ணாடிப் படகில் வரலாம், பிழைப்புக்கு வருபவர் ஒளிந்து வர வேண்டும் என்பது நெருடுகிறது. இத்தனைக்கும் அந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று முடிவெடுத்தார்கள். அவர்களை ஒன்றுதிரட்டிய சின்னப்பாலம் லட்சுமிக்கு, 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது.

குந்துகால் படகுத்துறையிலிருந்து சின்னப்பாலம் ரொம்ப தூரமில்லை. படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பாசி உலரும் நாளாக இருந்தால், அது எது, எப்படிப் பறிப்பது என்று அவர்களிடமே கேட்கலாம்.