படை இசைக்குப் போகும் வழி: ஓராண்டுக் குறிப்புகள்

ஜனவரி 26

படை இசைக்குழுவின் முதல் வேலை கச்சேரி செய்வதன்று; நூற்றுக்கணக்கான கால்களை ஒரே தாளத்துக்குக் கொண்டுவருவது. இந்திய ராணுவத்தின் விரைநடை நிமிடத்துக்கு 120 காலடி. பெரிய டிரம்மின் அழுத்தமான அடி விழும்போது இடது கால் தரையில் இருக்க வேண்டும். மதுரை ஆயுதப்படை மைதானத்தில் குடியரசு நாள் காலையில் காவல்துறை பேண்டு வாசிப்பதும் இதே இலக்கணப்படிதான். நடந்துகொண்டே வாசிப்பவர்களுக்கு வாத்தியத்தில் பொருத்திய சிறு கிளிப்பில் உள்ளங்கை அளவுள்ள இசைக்குறிப்பு அட்டை இருக்கும். பாட்டை நிறுத்த வாய்ச்சொல் கிடையாது. பெரிய டிரம்மில் இரண்டு பலத்த அடி விழுந்தால், அந்தச் சுற்றின் முடிவில் எல்லாக் குழல்களும் ஒன்றாக ஓய்ந்துவிடும்.

ஜனவரி 29

டெல்லி விஜய் சவுக்கில் பாசறை திரும்பும் நிகழ்ச்சி. முப்படைகளின் இசைக்குழுக்களும் ஒன்றாக வாசிப்பதைக் கேட்க ஆண்டில் இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. வெகுகாலம் நிறைவாக ஒலித்துவந்த ‘அபைட் வித் மி’ 2022இல் விடப்பட்டு, ‘ஏ மேரே வதன் கே லோகோ’ இடம்பெற்றது. இசையைத் தேர்ந்து, வெவ்வேறு வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதி, கோல் பிடித்து நடத்துபவர் இசை இயக்குநர். ராணுவத்தில் அந்த இடத்துக்குப் போகும் பாதை மத்தியப் பிரதேசத்தின் பச்மரி வழியாகச் செல்கிறது. முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பாவின் ஆதரவில் 1950இல் தொடங்கிய ராணுவ இசைப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. சாதாரண இசைவீரராகச் சேர்பவர் அங்கு பயின்று பேண்டு மாஸ்டராகி, சுபேதார் நிலைக்கு உயரலாம். அதிகாரி நிலையிலுள்ள இயக்குநர் பதவிகள் மிகக் குறைவு. அந்த இடத்துக்குப் பொதுவாகப் படிப்படியாகவே உயர வேண்டும் என்பதை ஆசைப்படும் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

பங்குனி

தீட்சிதர் பிறந்த மாதம். படை இசை தமிழ்நாட்டுக்கு அந்நியம் என்று எண்ணுவோர் அவர் குடும்பத்தின் கதையை அறிய வேண்டும். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், சங்கராபரணத்தில் சமஸ்கிருத வரிகள் அமைத்து நோட்டுஸ்வர சாகித்யங்களைத் தந்தார். தம்பி பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார்; பின்னாளில் மதுரைக்குத் தெற்கே எட்டயபுரம் அரசவையில் வித்வானாக விளங்கினார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மேனாட்டு வாத்தியங்களுடன் அரண்மனை பேண்டு வைத்திருந்தார். பேண்டுக்குரிய கிளாரினெட்டும் சதிர்க் கச்சேரி வழியே நம் மேடைக்கு வந்தது. அதைத் தனி வாத்தியமாக நிலைநாட்டிய திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. ஆக, மதுரையில் வயலினோ கிளாரினெட்டோ எடுக்கும் மாணவர் படை இசைக்குப் பாதி உறவினர்.

ஜூலை

ஆள்சேர்ப்புக் காலம். விமானப்படையின் நான்காண்டுப் பணியான அக்னிவீர்வாயுவுக்குரிய இசைக்கலைஞர் தேர்வு 2024 ஜூலையில் கான்பூரிலும் பெங்களூரிலும் நடந்தது. மதுரைப் பிள்ளைகளுக்குப் பெங்களூர் ஓரிரவு ரயில் தூரம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற, மணமாகாத ஆண்களும் பெண்களும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு ஏறக்குறைய பதினேழரை முதல் 21. ஆண்கள் 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்திலும் பெண்கள் 8 நிமிடத்திலும் ஓடி முடிக்க வேண்டும்.

இசைத்தேர்வுதான் முக்கியம். தயாரித்து வந்த ஓர் உருப்படியை வாசிக்க வேண்டும். ஏதேனும் ஒரு குறியீட்டு முறையில் எழுதியதைப் பார்த்து வாசிக்க வேண்டும்; மேனாட்டு ஐந்துகோட்டு முறை மட்டுமல்ல, கர்நாடக ஸ்வரக் குறிப்பும் ஏற்கப்படுகிறது. தன் வாத்தியத்தைச் சுருதி சேர்க்கவும், தேர்வாளர் எழுப்பும் தெரியாத ஸ்வரத்தைப் பிடித்துக் காட்டவும் தெரிய வேண்டும். புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன் போன்ற ஊதுவாத்தியங்களோடு வயலின், கீபோர்டு, கிதார், இந்திய வாத்தியங்கள் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

மதுரையில் வயலினும் மிருதங்கமும் முறையாகக் கற்க அரசு இசைக் கல்லூரியும் ஸ்ரீ சத்குரு சங்கீத வித்யாலயமும் இருக்கின்றன. பித்தளை வாத்தியங்களுக்கு அப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது. தேவாலயத் திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதும் இளைஞர்களில் பலர் காதால் கேட்டே வாசிப்பவர்கள். கேட்ட மெட்டை அப்படியே ஊதும் அந்தத் திறமை சாதாரணமானதன்று. ஆனாலும் எழுதியதைப் பார்த்து வாசிக்கத் தெரியாமல் தேர்வில் பின்தங்க நேர்வது வேதனையானது. அன்றாடம் அரைமணி நேரம் குறிப்பு வாசிக்கும் பழக்கம் அவர்களுக்கு உடனடித் தேவை.

ஆகஸ்ட் 15

கேப்டன் ராம் சிங் தாக்குரியை நினைக்க வேண்டிய நாள். கூர்க்கா படையில் இசைவீரராக இருந்தவர். மலாயாவில் போர்க்கைதியாகி, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து ‘கதம் கதம் படாயே ஜா’வுக்கு மெட்டமைத்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் அந்த மெட்டுக்கு நடந்தார்கள். விடுதலைக்குப் பின் அவர் உத்தரப் பிரதேச ஆயுதப் போலீஸ் பேண்டை வழிநடத்தினார்.

டிசம்பர் 4

கடற்படை நாள், மதராஸ் ரெஜிமென்டின் நாளும் இதுவே. கடற்படையிலும் அக்னிவீர் இசைக்கலைஞர் பிரிவு உண்டு: தொடக்கப் பயிற்சி ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்காவில், இசைப் பயிற்சி மும்பையின் ஐ.என்.எஸ். குஞ்சாலியில். தரைப்படையில் ரெஜிமென்ட் மையங்களில் பித்தளை பேண்டும், பட்டாலியன்களில் பேக்பைப் குழுவும் இருப்பது வழக்கம். மதராஸ் ரெஜிமென்டின் மையம் நீலகிரியின் வெலிங்டனில் உள்ளது. போர்க்காலத்தில் இசைவீரர்கள் வாத்தியத்தை வைத்துவிட்டு, காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லும் பணிக்குப் போவார்கள்.

2022இல் வந்த அக்னிபத் திட்டப்படி பணிக்காலம் நான்கு ஆண்டு. முதலாண்டுத் தொகுப்பூதியம் மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டில் 40,000. முடிவில் சுமார் 10 லட்சம் ரூபாய் சேவா நிதி. நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவோர் 25 விழுக்காடு வரை. ஒரு வாத்தியத்தில் முதிர்ச்சி பெற நான்கு ஆண்டு போதாது என்பதால், இசைவீரர்களுக்கு இந்தக் காலவரம்பு மற்றவர்களைவிடக் கடுமையானது. வெளியே வருவோருக்குக் காவல்துறை பேண்டு, மத்தியப் படைகளின் பேண்டு, பள்ளி பேண்டுப் பயிற்சி ஆகிய துறைகள் இருக்கின்றன. பணியிலிருக்கும்போதே டிரினிட்டி போன்ற இசைத் தேர்வுகளை எழுதிச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு இவற்றில் இடம் கிடைப்பது எளிது.