திருடனுக்கு வேண்டாத தாள்கள்

நாளிதழ்களில் வரும் திருட்டுச் செய்திகளுக்கென்று ஒரு வாய்பாடு உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்றிருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது முன்கதவின் பூட்டு உடைக்கப்பட்டிருந்தது. பீரோவிலிருந்த இத்தனை பவுன் நகையும் இத்தனை ஆயிரம் ரொக்கமும் களவு போயிருந்தன. கைரேகை நிபுணர்கள் வந்தனர். மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. பவுன் கணக்கும் ரொக்கக் கணக்கும் தவறாமல் இடம்பெறும். அதே பீரோவிலிருந்து போன காகிதங்களைப் பற்றி ஒரு வரியும் இராது. காகிதத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பங்குப் பணியில் இருக்கும் நாம், களவு போன வீடுகளுக்கு ஆறுதல் சொல்லப் பலமுறை சென்றிருக்கிறோம். முதல் நாள் எல்லாரும் நகைக்காகத்தான் அழுவார்கள். அது இயல்பே. ஆனால் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து அதே குடும்பத்தார் பங்கு இல்லத்தின் படியேறி வருவார்கள். அப்போது அவர்கள் பேசுவது நகையைப் பற்றியன்று.

நாம் முன்பு பணியாற்றிய பங்கில் நடந்தது ஒன்று நினைவில் நிற்கிறது. ஆலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்றவரின் குடும்பம்; வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். ஏழு பவுன் நகையை ஒரு சிறிய தகரப் பெட்டியில் பூட்டி, அதைப் பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தார்கள். வீட்டுப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம், இரண்டு பெண்களின் மதிப்பெண் சான்றிதழ்கள், காப்பீட்டுப் பத்திரம், உடன் வேலை பார்த்த ஒருவருக்குக் கடன் கொடுத்ததற்கான புரோநோட்டு ஆகிய அனைத்தும் அதே பெட்டியில்தான் இருந்தன. திருடன் பெட்டியைத் திறக்கச் சிரமப்படவில்லை. அப்படியே தூக்கிச் சென்றுவிட்டான். நான்காம் நாள் ஊருக்கு வெளியே சீமைக்கருவேலம் புதருக்குள் பெட்டி கிடைத்தது. இடையில் இரண்டு இரவு நல்ல மழை. தாள்கள் கூழாகியிருந்தன.

நகையில் பாதி ஒன்றரை ஆண்டு கழித்து நீதிமன்றத்தின் வழியாகத் திரும்பி வந்தது. காகிதங்கள் வரவில்லை. மூத்த பெண்ணின் செவிலியர் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்கப் போனபோது வங்கியில் அசல் பத்திரத்தைக் கேட்டார்கள். கடன் வாங்கியவரோ, பெட்டி போன செய்தி எட்டியவுடன், “எந்தக் கடன்?” என்று கேட்டுவிட்டார். (அவரும் ஞாயிறுதோறும் கோவிலுக்கு வருபவர்தாம்.) அந்தத் தாய் நம்மிடம் சொன்னார்: “சாமி, அவன் நகையை எடுத்துக்கிட்டு அந்தத் தாளுங்கள மட்டும் திண்ணையில வச்சிட்டுப் போயிருக்கக் கூடாதா?”

இந்தக் கேள்வியைப் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். திருடனுக்கு அந்தத் தாள்களால் ஒரு காசுப் பயனும் இல்லை. அவன் அவற்றைத் தேடியும் வரவில்லை. நகையோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்ததால்தான் அவை போயின. மதிப்புள்ளவை எல்லாம் ஓரிடத்தில், ஒரே பூட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் இல்லங்களில் எழுதப்படாத சட்டம். அந்த ஓரிடம் படுக்கையறைப் பீரோ என்பதும், அதன் சாவி துணிகளுக்கு அடியிலோ, தலையணை உறைக்குள்ளோ, திருஇருதயப் படத்தின் பின்னாலோ இருக்கும் என்பதும் திருடனுக்குத் தெரியாதவை அல்ல. வாசல் சாவியை மீட்டர் பெட்டியிலும் பூந்தொட்டிக்கு அடியிலும் வைக்கும் வழக்கத்தையும் அவன் நம்மைவிட நன்றாக அறிவான். அரிசிப் பானையும் கடுகு டப்பாவும் நம் பாட்டிமார் காலத்திலேயே இரகசியத் தன்மையை இழந்துவிட்டன.

நகைக்குப் பூட்டு வேண்டும். பத்திரத்திற்கோ, திருடனின் கண்ணில் படாத எளிய இடமே பூட்டைவிட மேல். பூட்டிய பெட்டி ‘என்னைத் தூக்கிச் செல்’ என்று சொல்லாமல் சொல்கிறது. பிள்ளைகளின் பழைய பாடநூல்கள் நிற்கும் அடுக்கில், நீர் புகாத நெகிழி உறைக்குள் கிடக்கும் கோப்பு அப்படிச் சொல்வதில்லை. பரண் மட்டும் வேண்டாம். அங்கே கரையான் இருக்கிறது.

போன காகிதங்களில் மீட்கக் கூடியவை எவை, மீட்க முடியாதவை எவை என்பதையும் வீட்டார் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தின் படி சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சான்றிட்ட நகல் பெறலாம். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இப்போது இணையவழியாகவே எடுக்க முடிகிறது. இருந்தும் அசல் அசல்தான். வீட்டை ஈடுவைத்துக் கடன் கேட்போர் இதை வங்கியில் உணர்வார்கள். அரசுத் தேர்வுகளின் மதிப்பெண் சான்றிதழுக்கும் மாற்றுப்படி உண்டு, அலைச்சல் அதிகம். 2015இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கர் ஏற்பாட்டில், சான்றிதழை வழங்கிய துறையே அனுப்பி வைக்கும் ஆவணம் அசலுக்கு நிகராக ஏற்கப்படுகிறது. நாமே படமெடுத்து அதில் ஏற்றும் படிக்கு அந்தத் தகுதி இல்லை. பலர் இந்த வேறுபாட்டை அறியாமல் நிம்மதியாக இருக்கிறார்கள்.

உலகில் ஒரே ஒரு படி மட்டும் உள்ள தாள்களே உண்மையில் அஞ்சத்தக்கவை. புரோநோட்டு அவற்றுள் ஒன்று. அது தொலைந்தாலும் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. ஆனால் சாட்சி வேண்டும், வழக்குரைஞர் வேண்டும், மூன்றாண்டுக் காலக்கெடுவுக்குள் நீதிமன்றத்தை எட்டியிருக்க வேண்டும். மற்றொன்று பதிவு செய்யாத உயில். உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே தன் கைப்பட எழுதி, இரு சாட்சிகளின் கையொப்பம் பெற்று, பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அது போனால் எழுதியவரின் விருப்பமும் அதோடு போகிறது. உயிரோடு இருக்கும்வரை உள்ளடக்கம் யாருக்கும் தெரியக் கூடாது என்பவர்களுக்கும் பதிவுச் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: 42ஆம் பிரிவின்படி, முத்திரையிட்ட உறைக்குள் உயிலை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். எழுதியவர் இறந்த பின்னர், விண்ணப்பிப்பவர் முன்னிலையில் பதிவாளர் அந்த உறையைத் திறப்பார். நூறாண்டு கடந்த இந்த ஏற்பாட்டை நம் பங்குகளில் அறிந்தவர் மிகச் சிலரே.

வங்கி லாக்கர் நகைக்கு ஏற்றது. வாடிக்கையாளரின் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் அது திறக்கும். எனினும் அதன் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நெறிமுறைகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிவு, ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு, லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு. ஆண்டுக்கு 2,000 ரூபாய் வாடகை என்றால் 2 இலட்சம். இன்றைய விலையில் அது எத்தனை பவுனுக்கு ஈடாகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். உள்ளே என்ன வைத்தோம் என்பது வங்கிக்குத் தெரியாது. ஆகவே வைத்ததற்கான சான்று நம்மிடம் இருக்க வேண்டும். உயிலை மட்டும் லாக்கருக்குள் வைக்க வேண்டாம் என்போம். உரியவர் இறந்தபின் லாக்கரைத் திறக்கத் தாள்கள் கேட்பார்கள். கேட்கும் தாள் உள்ளேயே இருந்தால் வீட்டார் என்ன செய்வார்கள்?

சான்று என்றதும் திருச்சபைச் சட்டத் தொகுப்பு நினைவுக்கு வருகிறது. குருமடத்தில் அதைப் படித்த நாள்களில், சொத்து நிருவாகம் பற்றிய பகுதி நம்மைத் தூங்க வைத்ததுண்டு. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1283ஆம் எண், பொறுப்பேற்கும் நிருவாகி அசையும் சொத்து, அசையாச் சொத்து, விலையுயர்ந்த பொருள்கள் அனைத்துக்கும் விளக்கமும் மதிப்பும் சேர்த்துப் பட்டியல் எழுதவேண்டும் என்கிறது. அந்தப் பட்டியலின் ஒரு படி நிருவாகத்திலும் மற்றொரு படி மறைமாவட்டச் செயலகத்திலும் இருக்க வேண்டும். 487ஆம் எண், மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தைப் பூட்டி வைத்து, சாவியை ஆயரும் வேந்தரும் மட்டும் வைத்திருக்கச் சொல்கிறது. பட்டியல் இரண்டு இடங்களில். சாவி இரண்டு பேரிடம். ஊருக்கெல்லாம் சாவி கொடுத்தால் காப்பகம் இல்லை. ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் கண் மூடும் நாளில் அது கல்லறை. குடும்பத்திற்கும் இந்த ஏற்பாடு அப்படியே பொருந்துகிறது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர், காப்பீட்டு எண், வங்கிக் கணக்கு, கடன் கொடுத்தது, வாங்கியது, நகை ஒவ்வொன்றின் எடை, வாங்கிய கடை, ரசீது. 2023 ஏப்ரல் முதல் கடைகளில் விற்கப்படும் ஹால்மார்க் நகைகளில் ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளம் பொறிக்கப்பட்டிருக்கும்; அதையும் குறித்துக்கொள்ளலாம். பாட்டி விட்டுச் சென்ற அட்டிகைக்கு அப்படி எதுவும் இராது. அதற்கு ஒரு நிழற்படம் எடுத்து வைக்க வேண்டும். நோட்டின் மறுபடி வெளியூரில் மணமாகிப் போன மகளிடம் இருக்கட்டும். ஏ.டி.எம். இரகசிய எண்ணை மட்டும் எதிலும் எழுதக் கூடாது. அட்டையின் உறைமேலேயே எழுதி வைப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். கையொப்பமிட்ட வெற்றுக் காசோலைகளை ‘அவசரத்துக்கு ஆகும்’ என்று பீரோவில் வைப்பவர்களும் உண்டு.

அறிந்த குடும்பம் ஒன்றில், ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் திடீரென இறந்தார். கண்டிப்பானவர், எதை எங்கே வைத்தார் என்பதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. “பெண்களுக்கு வாய் நில்லாது” என்பது அவர் கொள்கை. வீட்டுப் பத்திரம் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சமையலறைப் பரணில், பழைய கணக்கேடுகளுக்கு நடுவே அகப்பட்டது. கரையான் பாதியை முடித்திருந்தது. அதற்குள் பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் சந்தேகித்துப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த வீட்டில் திருடன் கால் வைத்ததே இல்லை.

பூட்டிய வீடுகளைப் பற்றியும் சில சொற்கள். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்கும் பாஸ்கா திருவிழிப்புக்கும் தெருவே காலியாகிக் கோவிலுக்கு வந்துவிடுகிறது. எந்த நேரத்தில் வருவோம், எந்த நேரத்தில் திரும்புவோம் என்பது ஊர் முழுவதற்கும் தெரியும். அன்பியத்தில் பேசி, தெருவுக்கு இரண்டு பேராவது விடியற்காலைத் திருப்பலிக்கு வருவதென வைத்துக்கொள்ளலாம். பல நாள் வெளியூர் செல்வோர் காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டுச் செல்வதும், வாசலில் பால் பையும் நாளிதழும் சேராமல் பார்த்துக்கொள்வதும் எளியவை. திருத்தலத்தில் நின்றுகொண்டே வாட்ஸ்அப்பில் படம் போடுவதைத் தவிர்ப்பது, இளையவர்களுக்குச் சற்றுக் கடினமாக இருக்கலாம்.

எல்லாம் செய்தும் களவு போய்விட்டால், காவலர் வரும்வரை எதையும் தொடாமல், கூட்டிப் பெருக்காமல் இருக்க வேண்டும். புகாரில் நகையை மட்டும் எழுதிவிட்டுப் பதற்றத்தில் வீட்டிற்குத் திரும்பிவிடுவார்கள். போன தாள் ஒவ்வொன்றையும் எண்ணோடு அதில் எழுத வேண்டும். பின்னர் நகல் கேட்டுச் செல்லும் இடங்களில் முதலில் கேட்கப்படுவது காவல்துறையின் சான்றுதான். முதல் தகவல் அறிக்கையின் படியைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாக வழங்க வேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. மேற்சொன்ன நோட்டு அந்த நேரத்தில்தான் உதவும். அழுதுகொண்டிருப்பவரிடம் பத்திர எண்ணைக் கேட்டால் எப்படி நினைவுக்கு வரும்?

பத்திரங்களைப் பங்கு இல்லத்திலேயே வைத்துக்கொள்ளும்படி கேட்போர் இன்றும் வருகிறார்கள். நாம் வாங்கி வைப்பதில்லை. நமக்கு மாற்றல் உண்டு. உண்டியலை நாடி வருகிறவன் பங்கு இல்லத்தையும் விட்டுவைப்பதில்லை. நம்மிடம் உரிமையோடு இருப்பவை திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகள் மட்டுமே.

அண்மையில் மூதாட்டி ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். வாங்க மறுத்ததில் அவருக்கு வருத்தந்தான். உடன் வந்த பேரனை உட்கார வைத்து, பையிலிருந்தவற்றை மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து நோட்டில் எழுதச் சொன்னோம். வீட்டுப் பத்திரம், பட்டா, மூன்று வீட்டுவரி ரசீதுகள், கடைசியில் மறைந்த கணவர் பம்பாயிலிருந்து எழுதிய ஓர் உள்நாட்டுக் கடிதம். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பேரன் கேட்டான். “அது உனக்கெதுக்குடா?” என்று வாங்கி மீண்டும் மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்ட பாட்டி, பத்திரத்தைப் பேரனின் கையில் கொடுத்தார்.