ஒரு 'பி' குறைஞ்ச கதை

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம். பயந்து ஓடிடாதீங்க மக்களே, கதை எங்க பெரியம்மாவைப் பத்திதான் :-)

போன வருஷம் சங்கரன்கோவில்ல வீட்ல இருந்தபடியே ஒரு ஆஸ்பத்திரிக்கு இணையதளம் செஞ்சு கொடுத்தேன். ஆங்கிலம், தமிழ் ரெண்டும் உண்டு. இந்த மாதிரி வேலையில பொத்தான் மேல வர்ற எழுத்தை நேரா நிரல்ல எழுத மாட்டோம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாவிப் பேர் வச்சு, மொழிக்கொரு பட்டியல் வச்சிருப்போம். சாவியைக் கொடுத்தா, அந்தந்த மொழிச் சொல் வரும்.

'அப்பாயின்ட்மென்ட்'டுக்கு இங்கிலீஷ்ல ரெண்டு 'பி'. ஆங்கிலப் பட்டியல்ல சரியா இருந்துச்சு. தமிழ்ப் பட்டியல்ல அய்யா ஒரு 'பி'யை முழுங்கிட்டேன். சோதிச்சுப் பார்த்ததெல்லாம் ஆங்கிலப் பக்கத்துல. கேட்கணுமா?

பெரியம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு மறுபரிசோதனை. நான் செஞ்ச பக்கமாச்சேன்னு பெருமையா அவங்களே போன்ல திறந்திருக்காங்க. கடைசியில ரெண்டு நீலப் பொத்தான். ரெண்டுலயும் ஒரு எழுத்துகூட இல்ல. ஒண்ணு உறுதி செய்ய, இன்னொண்ணு ரத்து செய்ய. பெரியம்மா எதை அமுக்கினாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல. திருநெல்வேலி வரைக்கும் பஸ்ல போய் இறங்கினா, "நீங்கதான் கேன்சல் பண்ணிட்டீங்களே"ன்னு சொல்லிருக்காங்க.

திரும்பி வந்து திட்டவே இல்ல. "ஏய்யா, அதுல ஒண்ணுமே எழுதலையே, எனக்குத்தான் கண்ணு தெரியலையோன்னு நெனச்சேன்" அப்படின்னாங்க. திட்டியிருந்தா தேவலாம்.

சொல் கிடைக்கலன்னா என்ன செய்யணும்ங்கிறதுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு வழி. குனூ கெட்டெக்ஸ்ட்ல ஆங்கில வாக்கியத்தையே சாவியா வைப்பாங்க. தமிழ் இல்லன்னா ஆங்கிலமாவது தெரியும். விக்கிப்பீடியாவை ஓட்டுற மீடியாவிக்கி, சாவிப் பேரையே அடைப்புக்குறிக்குள்ள காட்டிடும். அசிங்கமா இருந்தாலும் கண்ணுல படும்ல? நான் செஞ்சு வச்சது வெறுமையைக் காட்டுச்சு. அதான் மோசம்.

அந்த வாரமே விஎஸ் கோடுக்கு ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் எழுதினேன். புது யோசனை ஒண்ணும் கிடையாது. டென்மார்க்ல பொறந்த உம்ப்ராக்கோ சி.எம்.எஸ்., 2016ல 7.4 பதிப்புலயே மாடல்ஸ் பில்டரைச் சேர்த்துக் கொடுத்துச்சு. பக்கங்களோட வடிவத்தைப் படிச்சு நிரலுக்கான வகுப்புகளைத் தானே எழுதிடும். நான் அதையே மொழிபெயர்ப்புக்குச் செஞ்சேன். பட்டியலைச் சேமிச்ச உடனே, அதுல இருக்குற சாவிகளுக்கெல்லாம் டைப்ஸ்கிரிப்ட்ல டைப் உருவாகிடும். ஒரு எழுத்து மாறினா அடியில சிவப்புக் கோடு. ஆங்கிலத்துல இருந்து தமிழ்ல விட்டுப்போச்சுன்னா பில்டே ஆகாது.

எங்க தெருவுல விசைத்தறிச் சத்தத்துல வளர்ந்தவன் நான். ஊடை நூல் அறுந்தா தறி தானா நின்னுடும். இதுவும் அந்த மாதிரிதான். ஆனா தறிக்கு நூல் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியும். நிறம் மாறிப் போச்சான்னு தறிக்காரர் கண்ணுதான் பார்க்கணும்.

இங்கயும் அதே கதை. 'புக்'னு இருந்த பொத்தானுக்கு 'புத்தகம்'னு தமிழ் போட்டிருந்தாங்க. டைப் சரி, சாவி சரி, கணினிக்குப் பரம திருப்தி! பெயருக்குப் பின்னால 'க்கு' ஒட்டுற வாக்கியம் ஒண்ணு இருந்துச்சு. கோமதின்னா 'கோமதிக்கு', அழகா வரும். சங்கரன்னு போட்டா 'சங்கரன்க்கு'ன்னு பல்லை இளிக்கும். எங்க ஊர்ல இந்த ரெண்டு பேரை விட்டுட்டு எப்படிங்க இணையதளம் செய்றது? கடைசியில வேற்றுமை உருபே ஒட்டாம, 'பெயர்: சங்கரன்'னு வாக்கியத்தையே மாத்திட்டேன்.

இப்ப எந்தப் பக்கம் முடிஞ்சாலும் முதல்ல பெரியம்மாகிட்டதான் போன் போகும். ஒவ்வொரு பொத்தானா சத்தமா வாசிப்பாங்க. அன்னிக்கு 'ரத்து செய்'ங்கிறதைப் பார்த்துட்டு, "இதென்னய்யா கோர்ட்டு மாதிரி இருக்கு? 'வர முடியலை'ன்னு போடேன்" அப்படின்னாங்க.

போட்டுட்டேன். சாவியில ரெண்டு 'பி' இருக்கான்னு இப்ப எடிட்டர் பார்த்துக்குது. மிச்சத்தைப் பெரியம்மா பார்த்துக்கிறாங்க.

பி.கு: மறுபரிசோதனைக்கு அடுத்த வாரமே நானே கூட்டிட்டுப் போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு. என் தப்பைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு :-)