டைனமோவுக்கு மூன்று விலைப்புள்ளி

ஆம்பூரில் இருக்கும் என் தங்கை மகனிடம் ஒரு மஹிந்திரா பிக்கப் இருக்கிறது. 2008 மாடல். அவன் கைக்கு வருவதற்கு முன்னால் சென்னை பெரியமேட்டிலிருந்து வாணியம்பாடிக்கு உப்புத் தோல் ஏற்றிய வண்டி. மழை பெய்தால் இன்றும் அந்த வாசனை கிளம்பும். இப்போது ஷூ கம்பெனியில் வெட்டிய தோல்துண்டுகளைக் காலையில் சுற்றுக் கிராமங்களில் இருக்கும் தையல் யூனிட்டுகளில் இறக்கிவிட்டு, தைத்து முடித்த 'அப்பர்' கட்டுகளை மாலையில் திருப்பிக் கொண்டுவருகிறான். இரண்டு நாள் வண்டி நின்றால் அந்த டிரிப்புக்கு வேறு வண்டிக்காரர் வந்துவிடுவார். தவணை இன்னும் பதினொன்று பாக்கி.

போன மாதம் ஒரு ராத்திரி போன் செய்தான். "மாமா, பேட்டரி லைட்டு அணையவே மாட்டேங்குது. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டறதுக்குள்ள ஹெட்லைட் மங்கிப் போச்சு. ஆல்டர்நேட்டரையே மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாரு. நீங்க கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா?"

என்னை ஏன் கேட்டான் என்றால், முப்பத்தாறு வருஷம் அரசு அலுவலகத்தில் நான் பார்த்த வேலை அதுதான். ஒரு மேசை விசிறி வாங்குவதென்றாலும் மூன்று விலைப்புள்ளி, ஓர் ஒப்பீட்டுப் பட்டியல், அதன்மேல் குறிப்பு. அதற்கப்புறம்தான் கோப்பு நகரும். இந்தப் பழக்கத்தை வீட்டில் எல்லாரும் கேலி செய்வார்கள். காரியம் என்று வந்தால் என்னிடம்தான் வருவார்கள்.

இந்த ஆல்டர்நேட்டர் எனக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது பௌதிக வகுப்பில் இதன் பூர்வீகத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். பாரிஸில் கருவிகள் செய்து விற்றுவந்த இப்போலித் பிக்ஸி என்பவர் 1832-இல் கம்பிச் சுருளுக்கு முன்னால் ஒரு காந்தத்தைக் கையால் சுழற்றி மின்சாரம் எடுத்தார். வந்ததோ திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. ஆம்பியர் சொன்ன யோசனைப்படி ஒரு பாகத்தைச் சேர்த்து அதை ஒரே திசையில் ஓடவைத்தார். ஆம்பியர் என்றால் பேட்டரியின் மேல் எழுதியிருக்கிறதே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்தான். லியோன் ஊர்க்காரர். கார்களிலும் வெகுகாலம் டைனமோதான் ஓடியது. சிலிக்கன் டயோடு வந்த பிறகு 1960-இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியன்ட் காரில் ஆல்டர்நேட்டரை வைத்தது. ஆனால் ஆம்பூர் பட்டறைகளில் இன்றைக்கும் இதற்கு டைனமோ என்றுதான் பெயர்.

விலை விசாரிப்பதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். என்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். இவன் வண்டியில் ஓடினாலும் நின்றாலும் 12-ஐத் தாண்டவில்லை. உப்புத் தோல் ஏற்றிய வண்டிக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டி எர்த் ஒயரின் முனையைத் தின்றிருக்கும். அப்படியே பச்சை பூத்துக் கிடந்தது. கழற்றிச் சுரண்டி, முறுக்கிப் போட்டான். செல்ஃப் சுறுசுறுப்பாக எடுத்தது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை. ஆகவே கோளாறு ஆல்டர்நேட்டரில்தான்.

இனி விலைப்புள்ளிகள். வேலூரில் ஒரு கடையில் புதியது 9,800 ரூபாய். இன்னொரு இடத்தில் நம் பழையதைக் கொடுத்துவிட்டு ரீகண்டிஷன் செய்ததை எடுத்துக்கொண்டால் 4,500, ஒரு மாதம் வாய்வார்த்தை கேரண்டி. மூன்றாவது சென்னை புதுப்பேட்டை. அங்கே பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் என் நண்பரின் மகன் விசாரித்துவிட்டு 2,500 என்றான். அலுவலக முறைப்படி குறைந்த விலைப்புள்ளிக்குத்தான் ஆர்டர் போக வேண்டும். ஆனால் "பின்னால் வேக்கம் பம்ப் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா?" என்று கேட்டதற்குக் கடைக்காரர், "மாட்டிப் பார்த்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டாராம். அந்த விலைப்புள்ளியை அப்போதே அடித்துவிட்டேன்.

காரணம் இதுதான். பெட்ரோல் என்ஜின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடமே பிரேக் பூஸ்டருக்கு உதவிவிடும். டீசலில் அது போதிய அளவுக்குக் கிடைக்காது. அதனால் தனியாக ஒரு பம்ப் வைக்கிறார்கள். இந்த மாதிரி வண்டிகளில் அந்தப் பம்ப் ஆல்டர்நேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே தண்டு, ஒரே பெல்ட். பம்ப் ஓய்ந்தால் பிரேக் மிதி கட்டை போல் ஆகிவிடும், முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். ஒரு டன்னுக்கு மேல் பாரம் ஏற்றிக்கொண்டு பெங்களூர் ரோட்டில் போகிறவனுக்கு 2,500 ரூபாய் டைனமோ எதற்கு?

புதியதை வாங்க அவனிடம் பணம் இல்லை. நான் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ள மாட்டான், அவன் அப்பா மாதிரியே. ரீகண்டிஷன் வாங்கினாலும் உள்ளே எதை மாற்றினார்கள் என்று யார் கண்டது? நம்முடையதையே பிரித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஆம்பூரில் காயில் கட்டும் ஒரு பாயிடம் கொண்டுபோனோம். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். நாலு போல்ட்டைக் கழற்றி உள்ளே விரலை விட்டு எடுத்துக் காட்டினார். கறுப்பாக எண்ணெய்.

"சார், டைனமோ சாவல. எண்ணெய் குடிச்சிருக்குது, அவ்ளோதான்."

பம்ப்புக்கு என்ஜின் ஆயில் போகிறது. நடுவில் இருக்கும் சீல் தேய்ந்ததால் அந்த ஆயில் இந்தப் பக்கம் கசிந்து கார்பன் பிரஷ்களை ஊறவைத்துவிட்டது. காயில் நன்றாக இருந்தது, டயோடு பிளேட்டும் தேறியது. கட்டவுட் மட்டும் போயிருந்தது. பம்ப்பின் தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது இன்னும் ஓடும்" என்றார். சீலை மாற்றாமல் புது டைனமோவே போட்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "புதுசுல சீலும் புதுசு சார். பழச வாங்கி மாட்டினாத்தான் ஆறு மாசத்துல மறுபடி எங்கிட்ட வருவாங்க" என்று சிரித்தார்.

சாயங்காலம் மாட்டியதும் மீட்டர் 14.1 காட்டியது. பிரேக்கைச் சோதிக்கும் வழியையும் பாய் சொல்லிக்கொடுத்தார். என்ஜினை நிறுத்திவிட்டு மிதியை நாலைந்து தடவை அழுத்தினால் கெட்டியாகிவிடும். அப்படியே மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் கால் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். இறங்கியது. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் பில் கேட்டேன். பாய்க்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒரு பேரிங் டப்பாவின் அட்டையைக் கிழித்து எழுதிக் கொடுத்தார்: சீல், கார்பன், கட்டவுட், ஒரு பேரிங், கூலி, ஆக மொத்தம் 2,650. அடியில், 'பெல்ட் வெடிப்பு, மாற்றவும்' என்று ஒரு வரி. பெல்ட்டை மறுநாள் டிரிப்புக்குக் கிளம்பும் முன்பே மாற்றிவிட்டான். அட்டையில் துளை போட்டு, அந்த மூன்று விலைப்புள்ளிகளோடு கோர்த்து வைத்திருக்கிறேன்.