என் சம்சு பாட்டில்

நான் குடிப்பதில்லை. சிகரெட் கிடையாது, வெற்றிலை கிடையாது. கிள்ளானில் எங்கள் வட்டாரத்துக் கோயில் கமிட்டியில் இருந்தபோது சம்சுவுக்கு எதிராக மேடையேறிப் பேசியவர்களில் நானும் ஒருவன். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த நம் ஆட்கள் அந்த மலிவுச் சாராயத்தில் சம்பளத்தையும் ஈரலையும் தொலைப்பதைப் பற்றி நான் பேசினால் கூட்டம் அமைதியாகக் கேட்கும். நல்ல பேச்சாளர் என்று பெயர். மேடைக்குப் பின்னால் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு மூக்கிலும் ஸ்ப்ரே அடித்த பிறகுதான் எனக்குப் பேச்சு வரும் என்பது ஒருவருக்கும் தெரியாது. பல வருடம் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆரம்பித்தது 2005 ஆகஸ்டில். சுமத்ராவில் காடு எரிந்து, புகைமூட்டம் நம் தலைமேல் வந்து உட்கார்ந்த மாதம் அது. போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அவசரநிலை அறிவித்தார்கள். எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. ஊருக்கே அடைத்திருந்ததால் அதில் விசேஷமில்லை. கோடாலித் தைலம் தேய்த்தேன், நொச்சி போட்டு ஆவி பிடித்தேன். பிறகு மருந்துக்கடையில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குப்பியைக் கொடுத்தார்கள். அடித்த சில நிமிடத்தில் இரண்டு துவாரமும் திறந்துகொண்டன. புகை நாற்றத்தைக்கூட அவ்வளவு தெளிவாக அதற்கு முன் நான் முகர்ந்ததில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில், சில நாளுக்கு மேல் பயன்படுத்தாதீர்கள் என்று போட்டிருந்தது. படித்தேன். படிக்கவில்லை என்று இங்கே எழுதினால் முதல் பக்கத்திலேயே பொய் சொன்னவனாவேன்.

மழை வந்து புகை கலைந்தது. குப்பி என்னிடமே இருந்துவிட்டது.

மூக்குக்குள் பக்கத்துக்கு மூன்றாக மடிப்பு மடிப்பாகச் சதை போர்த்திய எலும்புகள் இருக்கின்றன. அந்தச் சதை முழுக்க ரத்தக் குழாய்கள். ரத்தம் நிரம்பினால் வீங்கும், வடிந்தால் சுருங்கும். ஒரு நாளைக்கு நாம் இழுக்கிற பத்தாயிரம் லிட்டருக்கும் மேலான காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசி வடித்து நுரையீரலுக்கு அனுப்புவது அதன் வேலை. குப்பியில் இருந்த ஆக்சிமெட்டாசோலின் அந்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்குகிறது. ஐந்து நாள், மிஞ்சிப்போனால் ஒரு வாரம் வரை அது மருந்து. அதற்கு மேல் போனால், அதன் பிடி விட்டதும் குழாய்கள் முன்னிலும் பெரிதாக வீங்குகின்றன. அந்த வீக்கத்துக்கு மறுபடி அதையே அடிக்கிறோம். ஆரம்பித்த சளி எப்போதோ போயிருக்கும். இப்போது அடைப்பை உண்டாக்குவதே ஸ்ப்ரேதான்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நல்ல மூக்கிலேயே இரண்டு துவாரமும் எந்நேரமும் ஒரே அளவு திறந்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒரு பக்கம் கொஞ்சம் வீங்கி ஓய்வெடுக்கும், மறுபக்கம் வேலை செய்யும், பிறகு மாறும். ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895-இல் இதை அளந்து எழுதினார். நம் யோகிகள் இடகலை, பிங்கலை என்று எப்போதோ கணக்கு வைத்திருந்தார்கள். எந்தக் கிழமையில் எந்தப் பக்கம் மூச்சு ஓட வேண்டும் என்று சொல்ல திருமந்திரத்தில் தனிப் பகுதியே இருக்கிறது. கோயிலில் சனிக்கிழமை மாலைகளில் அந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்கு விளக்கியவன் நான். விளக்கி முடித்து வெளியே வந்து, இடது மூக்கு லேசாக மந்தமாக இருக்கிறதே என்று குப்பியை எடுத்தவனும் நான்தான்.

ஒளித்து வைப்பதில் கெட்டிக்காரனானேன். வேலை பிரிக்பீல்ட்ஸில், வீடு கிள்ளானில். ஒரே கடையில் அடிக்கடி வாங்கினால் ஃபார்மசிஸ்ட் கேள்வி கேட்பாரே என்று, ஒரு தடவை தெங்கு கிளானா சாலையில், ஒரு தடவை கே.எல். சென்ட்ரலில், இன்னொரு தடவை துன் சம்பந்தன் சாலையில் என்று சுழற்சியில் வாங்குவேன். சட்டைப்பையில் ஒன்று, ஆபீஸ் மேசையில் ஒன்று, தலையணைக்கடியில் ஒன்று. ஒரு நாள் காலை கொமியூட்டர் ரயிலில் பையைத் தடவிப் பார்த்தால் குப்பி இல்லை. ரயில் பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை பொறுக்க முடியாமல் சுபாங் ஜெயாவில் இறங்கி, கடை திறக்கக் காத்து நின்றேன். ஆபீசுக்கு ரயில் தாமதம் என்று சொன்னேன். நம் ஊரில் அந்தப் பொய்யை யாரும் சந்தேகிப்பதில்லை.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டில் ராத்திரி மூக்கு அடைத்துக்கொண்டு திணறுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்ததே! என் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுகிறவள். அந்தப் புகைதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். நிறுத்திவிட்டாள். பிறகு பூனை என்றேன். மகள் அழுதுகொண்டே அதை ரவாங்கில் இருக்கும் தோழி வீட்டுக்குக் கொடுத்தாள். பிறகு அலமாரியில் இருந்த பழைய புத்தகங்கள், பிறகு மெத்தை. யார் கேட்டாலும் 'எனக்கு சைனஸ் லா' என்பேன். இந்த நாட்டில் மூக்கில் எது வந்தாலும் நமக்கு சைனஸ், மலாய்க்காரர்களுக்கு ரெஸ்டுங். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அழுத்தம் இறங்கவில்லையே, வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று கிளினிக்கில் கேட்டார்கள். குழாய்களை இறுக்கும் மருந்து அழுத்தத்தையும் ஏற்றக்கூடும் என்று அந்தத் தாளிலேயே எச்சரிக்கை இருந்தது. இல்லை என்று தலையாட்டினேன். மாத்திரையைக் கூட்டினார்கள். வாங்கி விழுங்கினேன்.

மனம் திருந்தி மருத்துவரிடம் போனேன் என்று சொல்ல ஆசைதான். போனது பயத்தில். 2018 செப்டம்பரில் பேட்மிண்டன் வீரர் லீ சோங் வெய்க்கு மூக்குப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. தைவானில் சிகிச்சை பெற்று வந்தும், 2019 ஜூனில் அவர் பேட்மிண்டனை விட வேண்டியதாயிற்று. அந்தச் செய்திக்குப் பிறகு இந்த நாட்டில் எத்தனை பேர் கண்ணாடி முன்னால் நின்று மூக்கைத் தூக்கிப் பார்த்திருப்பார்களோ! எனக்குச் சிந்தும்போது கொஞ்ச காலமாகவே ரத்தம் கலந்து வந்துகொண்டிருந்தது. கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே நிபுணரைப் பார்க்கச் செலவு குறைவுதான். காத்திருப்பதுதான் நீளம்.

காது மூக்கு தொண்டை டாக்டர் என்றால் குறும்பி எடுப்பவர், டான்சில் அறுப்பவர் என்றுதான் நினைத்திருந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பலகையில் ஓ.ஆர்.எல். என்று போட்டிருப்பார்கள். தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்களின் கதையைக் கேட்டேன். படுக்கையில் புரண்டாலே உலகம் சுற்றுகிறது என்ற ஒரு பாட்டிக்கு, போன முறை மாத்திரையே கொடுக்காமல் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் படுக்கவைத்துச் சரிசெய்தார்களாம். உள்காதில் இடம் மாறிய நுண்ணிய சுண்ணத் துகள்களைத் திரும்ப அதன் இடத்துக்கு உருட்டிவிடும் வைத்தியம் அது. குறட்டைக்காக வந்தவர் ஒருவர், குரல்வளையை எடுத்துவிட்டதால் கழுத்துத் துளையை விரலால் அழுத்திப் பேசியவர் ஒருவர், பேச்சு வராததால் காதைச் சோதிக்கத் தூக்கி வந்த குழந்தை ஒன்று. தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, கழுத்துக் கட்டி எல்லாம் இவர்கள் கத்திக்கு உட்பட்டவை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூக்கின் பின்னால் இருக்கும் ஒரு சிறு அறையில் காதிலிருந்து வரும் குழாய் வந்து திறக்கிறது. அந்த அறை கீழே தொண்டையில் இறங்குகிறது. அதனால்தான் மூன்றுக்கும் ஒரே டாக்டர். வயது வந்த ஒருவருக்கு ஒரு காது மட்டும் காரணமில்லாமல் அடைத்துக்கொண்டால், இவர்கள் காதை விட்டுவிட்டு மூக்குக்குள் பார்ப்பதும் அதனால்தான். லீ சோங் வெய்க்கு வந்த வகைப் புற்றுநோய் பெரும்பாலும் அந்த அறையின் மூலையில்தான் ஆரம்பிக்கும்.

டாக்டர் இளம்பெண், மலாய்க்காரர். மலாயில்தான் பேசினோம். "மூக்குக்கு ஸ்ப்ரே ஏதாவது அடிக்கிறீர்களா, பாக்சிக்?"

"இல்லை டாக்டர். எப்போதாவது."

இல்லை என்பதும் எப்போதாவது என்பதும் ஒரே மூச்சில் வந்தன. அவர் எழுதிக்கொண்டார். கருவியை விடுவதற்கு முன் மூக்கை மரக்கவைத்துச் சுருக்குவதற்காக நர்ஸ் ஒரு மருந்தை அடித்தார். தொண்டையில் இறங்கிய கசப்பையும் விட்டுவிட்ட அடைப்பையும் உணர்ந்ததும், வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் என் முகம் மலர்ந்திருக்க வேண்டும். டாக்டர் அதையும் பார்த்தார். பிறகு மெல்லிய குழாய்க் கேமரா உள்ளே போனது. திரையில் என் மூக்கு. சிவந்து, பருத்து, தொட்டால் ரத்தம் கசியும் சதை. பின்னறை வரை போய் இரண்டு மூலைகளையும் நிதானமாகப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. இந்தியர்களுக்கு அது அரிது, சீனர்களுக்கும் சரவாக்கின் பிடாயு மக்களுக்கும்தான் அதிகம், ஆனாலும் எல்லாருக்கும் பார்ப்போம் என்றார். உங்கள் ஆட்களிடம் நான் முதலில் கேட்பது வெற்றிலையும் புகையிலையும் என்றார். அதெல்லாம் தொடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

கேமராவை எடுத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை வருஷமாக?"

சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் திட்டவில்லை. உங்களைப் போல நிறைய பேர் வருகிறார்கள் என்றார். அதுதான் எனக்கு உறைத்தது. மற்றவர்களின் குடிக்கு நான் வைத்திருந்த பெயர்களில் ஒன்றைக்கூட அவர் எனக்கு வைக்கவில்லை.

விடுவதற்கு வழி சொன்னார். முதலில் ஒரு மூக்கில் மட்டும் நிறுத்துவது, அது தேறிய பிறகு அடுத்தது. கூடவே ஸ்டீராய்டு ஸ்ப்ரே. அது உடனே திறக்காது, பலன் தெரியச் சில நாள் முதல் இரண்டு வாரம்கூட ஆகும். வலது கையால் இடது மூக்கில், நடுத்தண்டில் படாமல் காதுப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். உப்பு நீரில் கழுவ வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை கொடுப்பவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ராத்திரிகளில் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன், வாயால் மூச்சுவிட்டு நாக்கு வறண்டது. மனைவியிடம் சொன்னது அப்படி ஒரு ராத்திரியில். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ பூனை?" என்றாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

2019 செப்டம்பரில் மறுபடி புகைமூட்டம் வந்து சிலாங்கூரில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். நானும் மறுபடி ஒரு குப்பி வாங்கினேன். அடுத்த முறை போனபோது டாக்டர் கேட்பதற்கு முன்பே சொன்னேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இன்னும் சொல்லாத ஆள் என் மச்சினன். என் பேச்சைக் கேட்டு அல்ல, என் வற்புறுத்தலுக்காகக் கோயிலில் கற்பூரம் அடித்து சம்சுவை விடுவதாகச் சத்தியம் செய்தவன். மாதம் முடிவதற்குள் மறுபடி குடித்தான். அவன் பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கும்போதே, "ஒரு பாட்டிலை விட முடியாத நீயெல்லாம் ஆம்பளையா?" என்று கேட்டேன். அப்போது குப்பி என் சட்டைப்பையில்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. எப்போதாவது தெருவில் எதிர்ப்பட்டால் "நல்லா இருக்கீங்களா மச்சான்" என்று மரியாதையாகத்தான் கேட்கிறான். நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். தமிழ்ப் பத்திரிகை ஒன்று விடாமல் படிக்கிறவன் அவன். நேரில் சொல்ல வாய் வராததால் அந்த நம்பிக்கையில்தான் இதை இங்கே எழுதியிருக்கிறேன். அதுவும் ஒரு கோழைத்தனம் என்று அவன் சொன்னால், மறுக்கப்போவதில்லை.