கொடியின் கணக்கு

யாழ்ப்பாணத்துத் திருமண வீடுகளிலே தாலிக்கொடி பற்றிய பேச்சு எழுந்ததும் முதலிற் கேட்கப்படும் வினா, "எத்தனை பவுண்?" என்பதே. 9, 11, 15 என ஒற்றைப்பட எண்ணொன்று முடிவாகிவிடும். அதன் பின்னரே பணத்துக்கு வழி தேடப்படும். கொடி செய்விப்பது மணமகன் வீட்டாரின் கடன். (பெண் வீட்டார் கொடுத்த நன்கொடைப் பணம் சிலவேளை அதனுள் உருகிக் கலந்துவிடுவது வேறு கதை.)

பவுண் ஒன்று 8 கிராம். 11 பவுண் கொடி 88 கிராம். 22 கரட் ஆயின் அதிலுள்ள தூய பொன் ஏறக்குறைய 80.7 கிராம். இதன் விலையை மட்டும் கணக்கிட்டுக் கடன்படுவோர், செய்கூலியும் சேதாரமும் பின்னர் வந்து நிற்கும்போது திகைக்கின்றனர். அப்போது பவுண் குறைவதில்லை. பத்தரின் கூலியே பேரம் பேசப்படுகின்றது. பொன்னை உருக்கி, கம்பியாக இழுத்து, வளையம் வளையமாகப் பற்றாசிட்டு இணைக்கும் கையின் உழைப்பு, குறைக்கத்தக்க ஒரே செலவாகத் தோன்றிவிடுகின்றது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. இடர் வந்துழி அடகு வைக்கச் சென்றால், அங்கே நிறைக்கும் மாற்றுக்குமே மதிப்பு. வேலைப்பாட்டுக்கு ஒரு சதமும் இல்லை. நகையைச் சேமிப்பாகக் கருதும் சமூகம் கூலியை இழப்பாகக் கருதுவது இயல்பே. ஆயினும், கூலி குறைந்த கொடியின் இணைப்பு முதலில் விடுபடுவதும் அதே அடகுக்கடை வாசலிலேதான்.

ஆதலின் கணக்கு மறுதலையாகத் தொடங்குதல் வேண்டும். கடன்படாது செலவிடத்தக்க மொத்தத் தொகை எது என்பதே முதல் வினா. அதிலிருந்து கூலியையும் சேதாரத்தையும் முதலிலே பத்தரிடம் பேசி ஒதுக்கிவிட்டால், எஞ்சுவதே பொன்னுக்குரியது. பவுணின் எண்ணிக்கையை அதுவே சொல்லும். விலையேற்றத்துக்கும் சிறிது ஒதுக்குதல் நன்று. 2022 இல் சில மாதங்களுள் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை உயர்ந்தபோது, பொன்விலையும் உடன் ஏறியதைக் கண்டவர்க்கு இது விளக்க வேண்டியதன்று. பொன்னுருக்கலுக்கு நாட் குறித்த பின்னர் பொன் வாங்க ஓடுவோர் அன்றைய விலைக்கு அடிமையாவர்.

11 பவுண் 9 ஆகுமாயின் 16 கிராம் பொன்னின் விலை மிஞ்சும். அதனைச் சபையிற் சொல்லும் துணிவு மணமகனுக்கே வேண்டும். அயல்வீட்டுக் கொடிகளின் நிறையெல்லாம் தாய்க்கும் பெரியம்மாவுக்கும் முன்பே மனப்பாடம்.